இலவச மின்சாரம், மலிவு யூரியா: மானியத்தை எந்தப் பக்கம் திருப்புவது?

கேட்கப்பட்ட கேள்வி இது: "விவசாய மானியம்தான் நிலத்தடி நீரையும் மண்ணையும் கெடுக்கிறது என்கிறார்கள். நிறுத்தினால் விளைச்சல் விழுந்துவிடும் என்றும் சொல்கிறார்கள். விளைச்சலும் குறையாமல், மண்ணும் தண்ணீரும் கெடாமல் இருக்கும்படி மானியம் கொடுக்க முடியுமா?"

முடியும். பணத்தைக் குறைக்க வேண்டியதில்லை. அந்தப் பணம் விவசாயியின் கைக்கு எந்த வழியாகப் போகிறது என்பதை மாற்ற வேண்டும். இப்போது அது பெரும்பாலும் ஒரு பொருளின் விலையைக் குறைப்பதன் வழியாகப் போகிறது. மின்சாரம் இலவசம், யூரியா மலிவு. எது மலிவோ அது அதிகமாகச் செலவாகும். இதில் விவசாயியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நீங்களும் நானும் அவர் இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்வோம்.

என் மாமாவின் மோட்டார் அறையிலிருந்து தொடங்குகிறேன். பல்லடம் பக்கம், தென்னந்தோப்பு. சுவரில் ஸ்டார்ட்டர் பெட்டி, அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு ஆட்டோ சுவிட்ச். மும்முனை மின்சாரம் எப்போது வருகிறதோ அப்போது மோட்டார் தானாக ஓடும். ராத்திரி ஒரு மணிக்கு வந்தாலும் ஓடும். மாமா தூங்கிக்கொண்டிருப்பார். தொட்டி நிறைந்து, வாய்க்கால் வழிந்து, விடிந்து போய்ப் பார்த்தால் முதல் இரண்டு வரிசை மரங்களின் அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும். கடைசி வரிசை காய்ந்து கிடக்கும்.

அவர் தண்ணீரை வீணடிக்கிற ஆள் இல்லை. வீட்டில் குழாயைச் சொட்டவிட்டால் பேரப்பிள்ளைகளைச் சத்தம் போடுவார். பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கருவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவார். ஆனால் கிணற்று விஷயத்தில் கணக்கு வேறு. மின்சாரம் வருகிற நேரம் நம் கையில் இல்லை. வந்தபோது இறைக்காவிட்டால் இன்றைக்குப் போச்சு. நிறுத்தினால் மிச்சமாவது ஏதுமில்லை. நாம் இறைக்காத தண்ணீரைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஆயிரம் அடி போர் போட்டு இழுத்துக்கொள்வார். இப்படியிருக்கும்போது ஆட்டோ சுவிட்ச் வைத்திருப்பதுதான் புத்திசாலித்தனம். ஊரில் ஒவ்வொருவரும் இதே புத்திசாலித்தனத்தைக் காட்டினால் ஊர்த் தண்ணீர் தீர்ந்துபோகிறது. 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் தமிழ்நாட்டுக் குறுவட்டங்களில் (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்த் துறைப் பிரிவுகள்) ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, ஊறுவதைவிட எடுப்பது அதிகம் என்ற பட்டியலில் இருந்தது.

இந்த மானியங்கள் முட்டாள்தனமாக வந்தவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1966-இல் ஐ.ஆர்.8 என்ற அதிக விளைச்சல் நெல் ரகம் வந்தது. அதற்குத் தண்ணீரும் தழைச்சத்தும் (யூரியா தருகிற நைட்ரஜன்) நிறைய வேண்டும். நாடு பசியில் இருந்தது. "மாடு கட்டி இறைக்கிற கமலையை விடு, பம்புசெட் போடு, உரம் போடு" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னது அரசாங்கம்தான். எழுபதுகளில் விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் மின்கட்டணத்தை எதிர்த்து நடந்த போராட்டங்களும், கோவையைக் கட்டை வண்டிகள் அடைத்து நின்றதும், அதில் விழுந்த உயிர்களும் இன்னும் கொங்கு கிராமங்களில் பேசப்படுகின்றன. அதன் தொடர்ச்சியாகத்தான் 1984-இல் சிறு விவசாயிகளுக்கும் 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. இன்று 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருக்கின்றன. "மீட்டர் வைக்கிறோம்" என்று யாராவது சொன்னால் ஊரே கொதிப்பதற்குக் காரணம் இந்த வரலாறு. மீட்டர் வந்தால் அடுத்த ஆட்சியில் பில் வரும் என்ற பயம் நியாயமான பயம்.

சரி, அந்தப் பயத்தை மதித்துக்கொண்டே என்ன செய்ய முடியும்? பஞ்சாபில் 2018-இல் ஒரு சோதனை தொடங்கினார்கள். பெயர் 'பானி பச்சாவ், பைசா கமாவ்', தண்ணீரை மிச்சம் பிடி, காசு சம்பாதி என்று அர்த்தம். அங்கேயும் 1997-லேயே விவசாய மின்சாரம் இலவசமானது. அந்த இலவசத்தில் கை வைக்கவில்லை. விருப்பப்பட்டுச் சேர்கிறவரின் பம்புக்கு மீட்டர் வைத்தார்கள். மோட்டாரின் குதிரைத் திறனைப் பார்த்து மாதத்துக்கு இத்தனை யூனிட் உங்களுடையது என்று ஒதுக்கினார்கள். அதற்கு மேல் ஓட்டினால் பில் கிடையாது. குறைவாக ஓட்டினால், மிச்சப்படுத்திய ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும்.

இதை மாமாவிடம் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 5 ஹெச்.பி. மோட்டார் மணிக்கு ஏறக்குறைய 4 யூனிட் எடுக்கும். தினமும் 3 மணி நேரம் வீணாக ஓடுவதை நிறுத்தினால் 12 யூனிட், 48 ரூபாய். வருடத்தில் 100 நாள் என்று வைத்தாலும் 4,800 ரூபாய். மாமா சொன்னது: "மாப்ள, இது நெசமா வந்துச்சுன்னா ராத்திரி ரெண்டு மணிக்கு நானே எந்திரிச்சுப் போயி மோட்டார நிறுத்திப்போடுவேன்." பாசனத் திறன் பற்றி அவருக்கு இருபது வருடமாகக் கூட்டம் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். அந்த 48 ரூபாய் ஒரே சாயங்காலத்தில் விஷயத்தைப் புரியவைத்துவிட்டது.

அந்தத் திட்டத்திலும் சிக்கல் உண்டு. ஒதுக்கீட்டைத் தாராளமாக வைத்தால், ஏற்கனவே குறைவாக ஓட்டுகிறவருக்குச் சும்மா காசு போகும். இறுக்கி வைத்தால் யாரும் சேரமாட்டார்கள். இன்னும் பெரிய சிக்கல், பஞ்சாபில் நெல்லை அரசு ஆதரவு விலைக்கு மொத்தமாக எடுத்துக்கொள்கிறது. நெல் உறுதியான வருமானம் என்று ஆனபிறகு 4 ரூபாய் ஊக்கம் நெல்லைக் கைவிட வைக்காது. நெல்லுக்கே கொஞ்சம் குறைவாக இறைக்க வைக்கும், அவ்வளவுதான். கொள்முதல் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

இதே யோசனையைச் சூரிய மின்சாரத்தில் செய்து பார்த்த ஊர் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் உள்ள டுண்டி. அங்கே சில விவசாயிகள் ஒரு கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து, தங்கள் சோலார் பம்புகளை மின்வாரியக் கம்பியில் இணைத்தார்கள். வேண்டிய நேரத்துக்கு இறைத்துவிட்டு மீதி மின்சாரத்தை விற்றார்கள். வெயில் ஒரு பயிர் மாதிரி ஆகிவிட்டது. வீணாக இறைக்கிற ஒவ்வொரு யூனிட்டும் விற்காமல் போன யூனிட் என்று விவசாயி நினைக்க ஆரம்பித்தால், அவர் மோட்டாரைப் பார்க்கிற பார்வையே மாறும். கம்பியில் இணைக்காத தனி சோலார் பம்புக்கு மானியம் தரும்போது இதற்கு நேர் எதிரானது நடக்கும். பகல் முழுக்க இலவச மின்சாரம், வேறு எதற்கும் பயன்படாது, இறைத்துத் தள்ளு. நீர்மட்டம் விழுந்துகொண்டிருக்கிற வட்டாரத்தில் இந்தத் தனிப் பம்புகளைக் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன். அதுவும் 'பசுமை' என்ற பெயரில் நடப்பது வருத்தமாக இருக்கிறது. 2019-இல் வந்த, சோலார் பம்புக்கு மானியம் தரும் பிரதமரின் குசும் திட்டத்தில் இரண்டு வகைக்கும் இடம் இருக்கிறது. எந்த வட்டாரத்துக்கு எந்த வகை என்று பார்த்துக் கொடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அடுத்து யூரியா. 2010 ஏப்ரல் முதல் மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாஷ்) உரங்களுக்குச் சத்தின் அளவை வைத்து மானியம் என்று மாற்றினார்கள். நல்ல யோசனை. ஆனால் யூரியாவை அதில் சேர்க்கவில்லை. அதன் விலையை அரசே நிர்ணயித்து அப்படியே வைத்தது. மற்ற உரங்களின் விலை ஏறிக்கொண்டே போக, யூரியா மட்டும் அங்கேயே நின்றது. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. மணிச்சத்து தருகிற டி.ஏ.பி. உரம் 50 கிலோ 1,350 ரூபாய். பொட்டாஷ் 1,500-ஐத் தாண்டிவிட்டது. கையில் 1,500 ரூபாய் இருக்கிற விவசாயி கடை முன்னால் நிற்கிறார். என்ன வாங்குவார்?

யூரியா போட்டால் மூன்றாம் நாள் பயிர் கருகருவென்று பச்சை கட்டும். பார்க்கவே நிறைவாக இருக்கும். அந்தப் பச்சைதான் புகையானையும் இலைச்சுருட்டுப் புழுவையும் அழைத்துக்கொண்டு வரும்; குலைநோய் வரும்; கதிர் பிடித்த பிறகு ஒரு மழைக்குப் பயிர் சாய்ந்துவிடும். அதற்கு மருந்தடிக்கச் செலவு. போட்ட தழைச்சத்தில் பயிர் எடுப்பது பாதிக்கும் குறைவு. மீதியில் ஒரு பங்கு கிணற்றுத் தண்ணீரில் நைட்ரேட்டாக இறங்குகிறது, ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகக் காற்றில் போகிறது. கரியமில வாயுவைவிட 270 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும் வாயு அது. ஆக, அரசு பணம் கொடுக்கிறது, விவசாயி பணம் கொடுக்கிறார், இரண்டும் சேர்ந்து பூச்சிக்குத் தீனி போடுகின்றன. மத்திய அரசின் உர மானியம் 2022-23-இல் இரண்டரை லட்சம் கோடி ரூபாயைத் தொட்டது. ரஷ்யா-உக்ரைன் போரால் உலக விலை ஏறியிருந்த வருடம் அது என்பது உண்மைதான். ஆனாலும் எவ்வளவு பணம் என்று யோசித்துப் பாருங்கள்.

யூரியாவைக் குறைத்தால் மகசூல் விழும் என்று பயப்படுகிறவர்களுக்கு இலை வண்ண அட்டையைக் காட்ட ஆசை. உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் அட்டை, வெளிர் பச்சையில் தொடங்கிக் கரும்பச்சை வரை பட்டைகள். நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையே வயலில் இறங்கி, நம் உடம்பின் நிழல் விழும்படி நின்றுகொண்டு, முழுதாக விரிந்த இளம் இலையை அட்டையில் வைத்துப் பார்க்க வேண்டும். பத்துக் குத்துகளில் பார்த்து, ஆறு இலையாவது குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே வெளிறியிருந்தால் மட்டும் யூரியா போட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வாரம். அவ்வளவுதான் வேலை. பசிக்கிறபோது சோறு போடுகிற மாதிரி. இந்த முறையில் தழைச்சத்து மிச்சமாகும், மகசூல் குறையாது, மருந்துச் செலவும் இறங்கும்.

அப்படியானால் ஏன் எல்லோரும் செய்வதில்லை? மூட்டை 266 ரூபாய்க்குக் கிடைக்கும்போது, அரை மூட்டை மிச்சப்படுத்த வாரம் ஒருமுறை சேற்றில் இறங்க யாருக்குத் தோன்றும்? 2015-இலிருந்து மண்வள அட்டை கொடுக்கிறார்கள். உங்கள் மண்ணில் தழைச்சத்து போதும், சாம்பல் சத்துதான் வேண்டும் என்று அதில் அச்சடித்து வருகிறது. கடையிலோ பொட்டாஷ் மூட்டை ஐந்து மடங்குக்கு மேல் விலை. அட்டை அலமாரிக்குப் போய்விடுகிறது.

என் யோசனை இது. யூரியா மூட்டைக்குள் ஒளிந்திருக்கும் மானியத்தை வெளியே எடுத்து, ஏக்கருக்கு இவ்வளவு என்று விவசாயியின் கணக்கில் போட வேண்டும். அந்தப் பணத்தில் அவர் யூரியா வாங்கலாம், பொட்டாஷ் வாங்கலாம், தொழுவுரம் வாங்கலாம், பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைக்கலாம். மொத்தப் பணம் குறையவில்லை. மிச்சம் பிடித்தால் அது அவருடையது. ஆனால் இரண்டு நிபந்தனைகள் இல்லாமல் இதைச் செய்தால் விவசாயிக்குத் துரோகம். ஒன்று, பணம் நடவுக்கு முன்னால் கையில் இருக்க வேண்டும். உரம் வாங்கிய பிறகு மாதக்கணக்கில் காத்திருந்தால் வட்டிக்காரரிடம்தான் போவார். இரண்டு, உர விலை ஏறும்போது தொகையும் ஏற வேண்டும். பி.எம். கிசான் திட்டத்தில் 2019-இல் வருடத்துக்கு 6,000 ரூபாய் என்று தொடங்கினார்கள். வருடங்கள் ஓடியும் அதே 6,000-தான். இதைப் பார்த்த விவசாயி, "மூட்டை விலையை ஏற்றிவிட்டு, கையில் தருகிற காசை அப்படியே வைத்துவிடுவார்கள்" என்று சந்தேகப்பட்டால் அதற்கு நம்மிடம் பதில் இல்லை. தொகை ஏறுவதைச் சட்டத்தில் எழுதாமல் யூரியா விலையில் கை வைக்கக்கூடாது.

2023-இல் பி.எம். பிரணாம் என்று ஒரு திட்டம் வந்தது. ரசாயன உரத்தைக் குறைக்கிற மாநிலத்துக்கு, மிச்சமான மானியத்தில் பாதி நிதியாகக் கிடைக்கும். நோக்கம் சரி. ஆனால் அந்தப் பணம் மாநிலத்துக்குப் போகிறது. சேற்றில் இறங்கி அட்டையைப் பிடிப்பவர் விவசாயி. உழைப்பவரின் கணக்குக்கு நேராக வராத ஊக்கம் வயலில் எதையும் மாற்றாது.

மானியத்தை ஒரேயடியாக வெட்டிவிட்டால் என்ன என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். பக்கத்திலேயே இலங்கை இருக்கிறது. அங்கே நெல்லுக்கு உர மானியம் 1962 முதல் இருந்தது. 2021 ஏப்ரல் கடைசியில் ரசாயன உர இறக்குமதிக்கே தடை என்று முடிவெடுத்தார்கள். இயற்கை உரம் போதிய அளவு இல்லை, பழக்கம் இல்லை, பயிற்சி இல்லை, ஒரு போகத்து அவகாசம்கூட இல்லை. நவம்பரில் தடையை எடுத்தார்கள். ஆனால் அதற்குள் பெரும்போகம் என்கிற முக்கிய நெல் பருவம் கையைவிட்டுப் போய்விட்டது. நெல் விளைச்சல் சரிந்தது, தேயிலை அடிபட்டது, அரிசியில் ஏறக்குறையத் தன்னிறைவு அடைந்திருந்த நாடு அரிசியை இறக்குமதி செய்தது. இயற்கை வேளாண்மைக்கு இவ்வளவு பெரிய கெட்ட பெயரை அதன் எதிரிகள்கூட வாங்கித் தந்திருக்க முடியாது. இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது. சிக்கிம் 2003-இல் தொடங்கி, மானியத்தைப் படிப்படியாகக் குறைத்து, 2016-இல் முழு இயற்கை வேளாண் மாநிலமாக அறிவித்துக்கொண்டது. மலை மாநிலம், உரப் பயன்பாடு முதலிலேயே குறைவு. அதை அப்படியே தஞ்சாவூருக்குக் கொண்டுவர முடியாது. ஆனாலும் பன்னிரண்டு, பதின்மூன்று வருட அவகாசம் என்பதைக் கவனியுங்கள்.

வேறு மாதிரி ஒரு பாடம் நியூசிலாந்தில். 1984-இல் விவசாய மானியங்களை எடுத்தார்கள். மானியத்துக்காகவே வளர்த்த ஆடுகள் குறைந்தன, சரிவான மலைகளில் மேய்ச்சல் குறைந்தது. நல்லதுதான். ஆனால் அடுத்த இருபது, முப்பது வருடங்களில் பால் விலை நன்றாக இருந்ததால் மாடுகள் பெருகி, ஆறுகளில் நைட்ரேட் ஏறியது. அங்கே மானியமே இல்லை, ஆறு கெட்டது. மானியம் போனால் சுற்றுச்சூழல் தானாகச் சரியாகிவிடும் என்பது சரியில்லை. சந்தைக்கு ஆற்றைப் பற்றிக் கவலை கிடையாது.

ஐரோப்பாவில் இதை நாற்பது வருடமாக முயன்று பார்க்கிறார்கள். அங்கே விளைச்சலுக்கு மானியம் தந்து வெண்ணெய் மலைமலையாகக் குவிந்தது. 1992-இல் விலை ஆதரவைக் குறைத்து, நிலப்பரப்புக்கு நேரடிப் பணம் என்று மாற்றினார்கள். 2013 சீர்திருத்தத்தில், அந்த நேரடிப் பணத்தில் 30 சதவீதத்தைச் 'சூழல்' நிபந்தனைகளுக்கு ஒதுக்கினார்கள். கேட்க நன்றாக இருந்தது. 2017-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் செலவுகளைத் தணிக்கை செய்யும் அமைப்பான ஐரோப்பியத் தணிக்கை நீதிமன்றம் போய்ப் பார்த்தபோது, விவசாய நிலத்தில் ஏறக்குறைய 5 சதவீதத்தில்தான் விவசாய முறை மாறியிருந்தது. நிபந்தனைகளை எளிதாக்கி எளிதாக்கி, பெரும்பாலோர் ஏற்கனவே செய்துகொண்டிருந்ததற்கே பணம் கொடுத்திருக்கிறார்கள். சூழல் என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் ஆகாது என்பதற்கு இதைவிட விலையுயர்ந்த சான்று கிடையாது.

ஆனால் அதே ஐரோப்பாவில், அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில் பர்ரன் என்று ஒரு சுண்ணாம்புப் பாறை நிலம் இருக்கிறது. பாறை இடுக்குகளில் அபூர்வமான பூச்செடிகள். அவை தழைக்க ஒரே வழி, காலங்காலமாக நடந்த மாதிரி குளிர்காலத்தில் மாடுகளை மேட்டு நிலத்தில் மேயவிடுவது. மாடு காய்ந்த புல்லைத் தின்றுவிட்டால் வசந்தத்தில் பூக்கள் மேலே வரும். விவசாயிகள் மாட்டைக் கீழேயே கட்டிப்போட்டுத் தீவனம் போடத் தொடங்கியதும் புதர் மண்டி, பூக்கள் போயின. 2005-இல் 20 பண்ணைகளோடு ஒரு முயற்சி தொடங்கியது; பிறகு 300-க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். ஒவ்வொரு வயலுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண். மேய்ச்சல் அளவு சரியா, நீரூற்று சேறாகாமல் இருக்கிறதா, புதர் எவ்வளவு என்று பார்த்துப் போடுகிறார்கள். மதிப்பெண் கூடினால் பணம் கூடும். எப்படிக் கூட்டுவது என்பதை விவசாயியே முடிவு செய்கிறார்.

இதில் எனக்குப் பிடித்தது அந்தக் கடைசி விஷயம்தான். அதிகாரி வந்து "இந்தத் தேதியில் இதைச் செய்" என்று சொல்வதில்லை. மாடு நன்றாக இருக்கிறது, மாட்டால் வருமானம் வருகிறது, பூவும் இருக்கிறது. பூ அந்தப் பண்ணையின் இன்னொரு விளைபொருள் ஆகிவிட்டது. தன் வயலுக்கு ஏழு மதிப்பெண், பக்கத்து வயலுக்கு எட்டு என்றால் எந்த ஊர் விவசாயிக்கும் தூக்கம் வராது!

நம் ஊருக்கு வருவோம். நெல்லில் இதற்கு நேரான ஒன்று நம் மொழியிலேயே அழகாக இருக்கிறது: காய்ச்சலும் பாய்ச்சலும். எப்போதும் தண்ணீர் கட்டி வைக்காமல், காயவிட்டுப் பாய்ச்சுவது. ஒரு முழத்துக்குக் குறைவான பி.வி.சி. குழாயில் கீழ்ப்பாதிக்குத் துளை போட்டு, அதைச் சேற்றில் இறக்கி, உள்ளே இருக்கும் மண்ணை அள்ளிவிட வேண்டும். வயலின் மேல்மண் காய்ந்து லேசாக வெடித்திருக்கும். குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் தண்ணீர் பளபளவென்று தெரியும். மண் மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே அது இறங்கும்வரை பாய்ச்சத் தேவையில்லை. பூக்கும் பருவத்தில் மட்டும் தண்ணீர் கட்ட வேண்டும். சரியாகச் செய்தால் 30 சதவீதம்வரை தண்ணீர் மிச்சம், தண்ணீர் தேங்கிய வயலிலிருந்து எழும் மீத்தேன் வாயு ஏறக்குறைய பாதியாகும், மகசூல் குறையாது. நாலு குழாய்க்கு ஆகும் செலவு ஒரு மூட்டை பொட்டாஷ் விலைகூட வராது.

கிணற்றுப் பாசனத்தில் இது மின்சார ஊக்கத்தொகையோடு தானாகப் பொருந்திவிடும். காவிரிப் படுகையில் பொருந்தாது. அங்கே தண்ணீர் முறை வைத்து வருகிறது. அடுத்த முறை எப்போது என்று தெரியாதவர் இன்று வந்ததைக் கட்டித்தான் வைப்பார். ஒருவர் மட்டும் காயவிட்டால் அவர் மட்டும்தான் ஏமாறுவார். எனவே அங்கே பணம் தனி ஆளுக்குப் போகக்கூடாது, ஒரு வாய்க்காலில் பாயும் எல்லோருக்கும் சேர்த்துப் பாசனச் சங்கத்துக்குப் போக வேண்டும். கூடவே முறைத் தண்ணீர் சொன்ன நாளில் வரும் என்று அரசு உறுதி தர வேண்டும். நம்பகமான தண்ணீரும் ஒருவகை மானியம்தான்.

சொட்டுநீரைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம். நல்ல திட்டம், களை குறைகிறது, கூலி குறைகிறது, மகசூல் கூடுகிறது. ஆனால் நிலத்தடி நீர் மிச்சமாகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. இரண்டு ஏக்கருக்குப் பாய்ந்த தண்ணீர் மூன்று ஏக்கருக்குப் பாயும் என்றால் விவசாயி மூன்றாவது ஏக்கரையும் போடுவார். போடட்டும், அது அவர் உரிமை. நீர்மட்டம் ஏற வேண்டும் என்றால் சொட்டுநீரோடு, மிச்சம் பிடிக்கும் யூனிட்டுக்குக் காசு என்பதையும் சேர்க்க வேண்டும்.

செலவே இல்லாத ஊக்கமும் உண்டு. ஏரி வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ள அனுமதிப்பது அப்படி ஒன்று. வயலுக்கு வளமான மண், ஏரிக்கு ஆழம். நம் தாத்தாக்கள் கோடையில் வண்டி கட்டிக்கொண்டு போய்ச் செய்தது. இதில் கவனிக்க வேண்டியது, வயலுக்கு என்று அனுமதி வாங்கிச் செங்கல் சூளைக்குப் போகாமல் பார்ப்பது.

இனி கொள்முதல். மானியம் என்றால் எல்லோரும் இடுபொருளைத்தான் நினைக்கிறார்கள். என் பார்வையில் அதைவிடப் பலமான கருவி அரசின் கொள்முதல். அரசு எதை வாங்குகிறதோ அதை விவசாயி விளைவிப்பார். ஹரியானா 2020-இல், நெல்லை விட்டு மாற்றுப் பயிருக்குப் போனால் ஏக்கருக்கு 7,000 ரூபாய் என்று அறிவித்தது. சரிதான், ஆனால் மக்காச்சோளத்தை விளைவித்துவிட்டு அதை யாரிடம் விற்பது என்ற கேள்வி மிஞ்சுகிறது. தமிழ்நாட்டில் 2023-இல் தர்மபுரி, நீலகிரி மாவட்டங்களில் ரேஷன் கடையில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அந்தக் கேழ்வரகைக் குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு அரசே வாங்கியது. நெல்லுக்கு வேண்டிய தண்ணீரில் சிறு பங்கு போதும் கேழ்வரகுக்கு. ஏக்கருக்கு இத்தனை ரூபாய் என்று கையில் கொடுப்பதைவிட, "விளைவி, நான் வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்வது விவசாயிக்கு மரியாதையானதும்கூட.

ஒரு முன்னெச்சரிக்கை. ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துச் சட்டம் போட்டால் இன்னொரு பக்கம் வெடிக்கும். பஞ்சாப் 2009-இல் நிலத்தடி நீரைக் காக்க, ஜூன் 10-க்கு முன் நாற்று நடக்கூடாது என்று சட்டம் போட்டது. தண்ணீருக்கு நல்லது. ஆனால் அறுவடை தள்ளிப்போய், கோதுமை விதைப்பதற்குள் வைக்கோலை அகற்ற நாள் போதாமல், எரிப்பது அக்டோபர் கடைசிக்கும் நவம்பருக்கும் நெருக்கிக் குவிந்தது. அந்தப் புகை காற்றில்லாத நாட்களில் டெல்லியில் போய் நின்றது. அமெரிக்காவில் 1985 முதல், மண் அரிக்கும் நிலத்தைப் பயிரிடாமல் புல்லுக்கு விட்டால் 10, 15 வருட ஒப்பந்தத்தில் பணம் தருகிறார்கள். 2007-இல் 3.6 கோடி ஏக்கருக்கும் மேல் அதில் இருந்தது. மக்காச்சோள விலை ஏறியதும் ஒப்பந்தம் முடிந்தவர்கள் மறுபடி உழுதார்கள். 2014-இல் ஏறக்குறைய 2.5 கோடியாகிவிட்டது. தொகை சந்தை விலையோடு சேர்ந்து நகராவிட்டால் இதுதான் நடக்கும்.

கடைசியாக, பலரும் தாண்டிப் போகிற ஒன்று. மேலே சொன்ன எல்லாமே நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குப் போகும். மானிய விண்ணப்பத்தில் நிலம் யாருடையது என்று காட்டும் சிட்டா கேட்பார்கள், அதில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கல் கேட்பார்கள். டெல்டாவில் கோயில் நிலத்திலும் ஊரைவிட்டுப் போனவர்களின் நிலத்திலும் குத்தகைக்கு உழுகிறவர்கள் எத்தனை பேர்! பி.எம். கிசான் பணமே குத்தகைதாரருக்குக் கிடையாது. காய்ச்சலும் பாய்ச்சலும் குழாய்க்குள் எட்டிப் பார்ப்பவர் அவர், இலை வண்ண அட்டையைப் பிடிப்பவர் அவர், பணம் போவது சென்னையில் இருப்பவருக்கு என்றால் இந்த ஏற்பாடு முதல் போகத்திலேயே செத்துவிடும். வாய்மொழிக் குத்தகையில் இருப்பவரிடம் காகிதம் கேட்டால், அவர் நிலக்காரரிடம் போய் நிற்க வேண்டும். நிலக்காரர் பயந்து அடுத்த வருடம் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். அதனால் நில உரிமையோடு சம்பந்தப்படுத்தாமல், இந்தப் போகம் இந்த வயலில் பயிர் செய்தவர் இவர் என்று மட்டும் கிராம நிர்வாக அலுவலரும் பாசனச் சங்கமும் எழுதித் தரும் ஒரு சாகுபடிச் சான்று போதும் என்று விதியை மாற்ற வேண்டும். புதிய மானியம் எதை அறிவித்தாலும் நான் முதலில் தேடுவது அந்த விண்ணப்பப் படிவத்தைத்தான். அதில் சிட்டா எண் கேட்கும் கட்டத்துக்குப் பக்கத்தில், சிட்டா இல்லாதவருக்கு ஒரு கட்டம் இருக்கிறதா என்று பார்ப்பேன்.